கேரட்டுக்கு இளநீர்

வணக்கமுங்க. நான் வேலை பார்த்த திசு வளர்ப்புக் கூடத்துக்கு ஆனைமலையிலிருந்து ஒரு தோப்புக்காரர் இளநீர் கொண்டுவருவார். ஒரு நாள் கேட்டே விட்டார்: "ஏனுங்க, வாரம் முப்பது காய் வாங்கறீங்க, அத்தனையும் யாருங்க குடிக்கறது?" "செடிதானுங்க" என்றேன். கேலி பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

கேலி இல்லை. மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் ஊட்டி கேரட்டில் மிளகளவு ஒரு துண்டு வெட்டி, கிருமி நீக்கிய குடுவையில் சர்க்கரை, உப்புகள், வைட்டமின் கலந்த நீரில் போட்டால் சாகாது. பெரிதாக வளரவும் வளராது. அதிலேயே கொஞ்சம் இளநீர் சேர்த்தால் சில வாரங்களில் பொதபொதவென்று உப்பிவிடும். அமெரிக்காவில் காப்ளின், ஸ்டூவர்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1948இல் காட்டியது இது. அதற்கும் முன்னால், 1941இல், நம் வேலியோரத்து ஊமத்தையின் இனத்துச் செடியில் இளங்கருவை எடுத்து இளநீர் விட்டு வளர்த்திருக்கிறார்கள். குடுவையில் சோறு ஏற்கெனவே இருந்தது. 'எழுந்து வேலையைப் பார்' என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இளநீர் என்பது காய்க்குள் இருக்கும் கருவுக்காக மரம் சேர்த்துவைத்தது. அந்தக் கட்டளையும் அதற்குள்ளேயே கரைந்திருக்கிறது.

விலங்குச் செல்லுக்கும் இதே கதைதான். நியூயார்க்கில் அலெக்சிஸ் காரெல் என்ற ஆராய்ச்சியாளர், முட்டைக்குள் வளரும் கோழிக்கருவைப் பொடியாக நறுக்கி, உப்புநீரில் கலந்து, தெளிந்த சாற்றைக் குடுவைத் திசுவுக்கு விட்டார். திசு விறுவிறுவென்று பெருகியதாக 1913இல் எழுதினார். சாற்றைச் சூடாக்கினால் வீரியம் போய்விட்டது. இளநீரோ கொதிக்கவைத்து வடிகட்டினாலும் வேலை செய்யும்! கோழிச் சாற்றில் தூண்டுபவை பெரும்பாலும் புரதங்கள். முட்டை வெந்தால் இறுகுகிறதே, அப்படித் திரிந்துபோகும். இளநீரில் இருப்பவை சியாட்டின் என்ற செடி ஹார்மோன் வகைச் சிறு மூலக்கூறுகள்; சூட்டைத் தாங்கும். அப்புறம் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியில் ஏற்ற, அவை நாள் ஆகும் முன்பே கண் திறந்தன. அதற்குக் காரணமான புரதத்தை அவர் பிரித்தெடுத்தார். 1986இல் ரீட்டா லெவி மொண்டால்சினியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சாறு என்றால் ஒரு தலைவலி உண்டுங்க: ஒரு காய் போல இன்னொரு காய் இருக்காது. ஒருமுறை முற்றிய காய்கள் கலந்து வந்து, பாதிக் குடுவைகளில் திசு மந்தமாகக் கிடந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காயையும் வெட்டி, வழுக்கை ஸ்பூனில் வழிகிறதா என்று பார்த்த பிறகே நீரை எடுத்தோம். குடுவையில் வளர்க்கும் வாழைக் கன்றுக்கு இப்போது மில்லிகிராம் கணக்கில் ஹார்மோனை நிறுத்தே போடுகிறார்கள். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பலர் இன்னும் இளநீரை விடவில்லை.

தோப்புக்காரரிடம் ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன். நீர் செடிக்குப் போனது நிஜம். வழுக்கையைத் தின்றது நாங்கள்தானுங்க.