அந்தப் பாட்டு மரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, உட்கார இடமில்லாமல் ஜன்னல் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். கல்லூரி வளாகத்து வசந்தத்தை நமக்குக் காட்டுவது மரங்களா, திரைப்பாட்டா? நான் திரைப்பாட்டின் பக்கம். இது எனக்கு யாரும் ஒதுக்கிக் கொடுத்த பக்கம் இல்லை, நானாகக் கேட்டு வாங்கியது.

எனக்கு முன்னால் பேசிய அக்கா அருமையாகப் பேசினார். நடக்கும்போது ஹெட்ஃபோனைக் கழற்றி வையுங்கள், மரத்துக்குப் பின்னணி இசை தேவையில்லை, சினிமா நமக்குக் காட்டிய வசந்தமெல்லாம் பனிமலையும் துலிப் தோட்டமும்தான், அதையே பார்த்துப் பார்த்து நம் ஊர் வசந்தம் நம் கண்ணில் படாமலே போய்விட்டது என்றார். நானும் கைதட்டினேன். அவர் சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதியை ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கு மேலே பேச உரிமை.

பள்ளிக்கூடம் முடிக்கும் வரை வசந்தம் என்பது சென்னைப் பக்கம் வராது என்றே நினைத்திருந்தேன். படத்தில் வசந்தம் என்றால் சுவிட்சர்லாந்துப் புல்வெளி, இல்லையென்றால் ஊட்டி. நம் ஊரில் பொங்கல் போனால் வெயில், வெயில் முற்றினால் அக்கினி நட்சத்திரம், அவ்வளவுதான். இந்தத் தப்புக் கணக்கைக் கொடுத்தது சினிமாதான், மறுக்கவில்லை. ஆனால் அதே சினிமாவின் பாட்டுதான் கணக்கைத் திருத்தியும் கொடுத்தது, அது எப்படி என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்தேன். 1937-இல் ஜார்ஜ் டவுனில் இருந்து இந்த இடத்துக்கு வந்த கல்லூரி அது, முந்நூறு ஏக்கருக்கும் மேலே, முள்ளும் புதருமான காட்டு நிலம். வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ் என்ற பேராசிரியரும் அவர் மனைவி ஆலிஸும் அங்கே மரம் நட்டு வளர்த்தவர்கள். இதை எதிரணி தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 1940-களில் அதே கல்லூரியில் அதே வேதியியலைக் கற்பித்த ஓர் இளைஞர் இருந்தார், ஜெமினி ஸ்டூடியோவுக்குப் போய்ப் பின்னால் நமக்கெல்லாம் காதல் மன்னன் ஆன ஜெமினி கணேசன். மரம் நட்டவரும் மரத்தைச் சுற்றிப் பாடி நடித்தவரும் ஒரே பாடம் நடத்தியவர்கள், நடுவர் அவர்களே! நம்மூர் வளாகத்தில் மரமும் பாட்டும் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கின்றன.

முதல் வருஷம், மாசி பாதி. எங்கள் விடுதியான சேலையூர் ஹாலில் இருந்து வகுப்புக்கு நடக்கிறேன். காதில் ஒன்றும் மாட்டவில்லை, அக்கா கவனிக்கவும், அப்போது ஹெட்ஃபோன் வாங்க என்னிடம் காசும் இல்லை. மேலே எங்கேயோ ஒரு பறவை, குரலை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போகிறது, உச்சியில் போய் சட்டென்று நிறுத்துகிறது, பிறகு மறுபடியும் கீழே இருந்து. அதற்கு முன்னும் ஆயிரம் தரம் கேட்டிருப்பேன், பஸ் ஹாரன் மாதிரி அதுவும் ஒரு சத்தமாகக் கடந்து போயிருக்கும். அன்றைக்கு என் மனசுக்குள் ஒரு பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஒரு குயில் வரும், நாயகியைக் குயிலே என்று கூப்பிடுவார்கள். அடடா, இதுதானே அது என்று நின்றேன். நின்றதால்தான் தலையைத் தூக்கினேன், தூக்கியதால்தான் தேடினேன்.

கால் மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தால் கன்னங்கரேல் என்று ஒன்று, கண் மட்டும் சிவப்பு. பெண் குயிலைத் தேடிப் போன எனக்குக் குழப்பம். விலங்கியல் படித்த அறை நண்பனிடம் கேட்டால் அவன் சிரித்துவிட்டு, கூவுவது ஆண்டா, பெண் குயில் பழுப்பாக வெள்ளைப் புள்ளி போட்டு இருக்கும், இப்போது இனப்பெருக்கக் காலம், அதனால்தான் விடியும் முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது, காக்கை கூடு கட்டும் மரத்துப் பக்கம் போய்ப் பார் என்றான். போய்ப் பார்த்தேன். அந்த ஒரு மாதம் முழுக்கக் காலையில் ஆறு மணிக்கு எழுந்து காக்கைக் கூடுகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன், வாழ்க்கையில் முதல்முதலாக. பாட்டு சொன்ன தகவல் தப்பு, அந்தத் தப்பான தகவல்தான் என்னைக் கட்டிலில் இருந்து எழுப்பி மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. அந்த மரம் அங்கே எத்தனையோ வருஷமாக நிற்கிறது, அதாக என்னைக் கூப்பிடவில்லை.

ஹெட்ஃபோன் வேறு, பாட்டு வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஹெட்ஃபோன் காதை அடைக்கும், சரி. பாட்டு அதற்குள் குடியிருப்பது இல்லை. சின்ன வயதில் டீக்கடை ரேடியோவில், கல்யாண வீட்டு மைக்கில், அம்மா பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்ததில் கேட்டுக் கேட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அதைக் கழற்றி வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம்.

அடுத்து, மரத்தை நேரே பார்த்தால் போதும், நடுவில் எதுவும் வேண்டாம் என்றார்கள். நேரே பார்ப்பது என்று ஒன்று உண்டா? எங்கள் வளாகத்தில் மாசியில் புங்கை இலை கொட்டும். வெறும் கிளையாக நிற்கிறதே என்று வருத்தப்படுவதற்குள் பளபளவென்று இளம்பச்சை, வெயில் பட்டால் கண் கூசும். பின்னாலேயே பூ, லேசாக ஊதா கலந்த வெள்ளை, சின்னச் சின்னதாகப் பாதை முழுக்க உதிர்ந்து கிடக்கும். அந்தக் காட்சியைக் குறுந்தொகையில் ஒரு புலவர் பார்த்திருக்கிறார். வீட்டு முற்றத்துப் புங்கம்பூ வெண்மணலில் கிடப்பது, முருகனுக்குப் பூசை செய்யும் வேலன் வெறியாடும் களத்தில் பொரி சிதறிக் கிடப்பது போல இருக்கிறது என்று பாடியிருக்கிறார். கவனியுங்கள், அவரும் பூவை நேரே பார்க்கவில்லை. ஊரே கூடி ஆடிப்பாடும் ஒரு சடங்கு அவர் மனசில் இருந்தது, அதன் வழியாகத்தான் பூ அவருக்குப் பொரியாகத் தெரிந்தது. அந்தக் கால ஊர் மக்களுக்கு வெறியாட்டுக் களம் என்னவோ, நமக்குச் சினிமா அது.

ஐங்குறுநூற்றில் இளவேனிற்பத்து என்று பத்துப் பாட்டு இருக்கிறது. குயில் கூவுகிறது, புங்கை தளிர்க்கிறது, வேம்பு பூக்கிறது, பிரிந்து போன காதலன் மட்டும் வரவில்லை. பத்துப் பாட்டும் ஒரே அடியில்தான் தொடங்கும், அவர் வரவில்லை, இளவேனில் வந்துவிட்டது என்று. ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதை நாம் என்னவென்று சொல்வோம்? பல்லவி என்போம். அடுத்த மாதம் ஏப்ரல், செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில் புங்கமரத்தடியில் ஒருத்தி ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பதில் வந்திருக்காது, மேலே குயில் கூவும். அவளுக்கு ஐங்குறுநூறு தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆனால் அந்த நேரத்துக்கென்று ஒரு சினிமாப் பாட்டு அவளிடம் நிச்சயம் இருக்கும், அதே குயிலோடும் அதே வராதவனோடும்.

இன்னொன்று, நம் பேச்சில் இருந்து எத்தனை சொற்கள் போய்விட்டன என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு யாராவது வீட்டில் தென்றல் வீசுகிறது என்று பேசுகிறோமா? காத்து வருது என்போம், ஃபேனைப் போடு என்போம். தென்றல், இளவேனில், சோலை, மாங்குயில் எல்லாம் பதினெட்டு வயதுப் பையன் வாயில் இன்னமும் உயிரோடு இருக்கிறது என்றால் அது சினிமாப் பாட்டால்தான், பாடப்புத்தகம் பரீட்சையோடு முடிந்துவிடுகிறது. சொல் வாயில் இருந்தால்தான் என்றைக்காவது ஒருநாள் சாயங்காலம் தெற்கே இருந்து ஒரு காற்று வந்து கழுத்தைத் தொடும்போது, ஓ இதுதானா அது என்று கேட்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியது. மைதானத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன், அந்த இடம்கூட நினைவிருக்கிறது.

எதிரணி இரண்டாவது பேச்சாளர், தம்பி, ஒரு வார்த்தை சொன்னார், மரம் நம் மண்ணுக்குச் சொந்தம், சினிமா வசந்தம் இறக்குமதி என்று. தம்பி, வளாகத்தில் ஏப்ரல், மே மாதத்தில் தீப்பிடித்தது போலச் சிவந்து நிற்கிறதே குல்மோகர், அது மடகாஸ்கரில் இருந்து வந்தது. நீங்கள் எல்லாரும் வண்டி நிறுத்தி நிழல் காயும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்கக் கண்டத்து மரம். அவற்றைக் கொண்டுவந்து சாலை ஓரம் நட்டது ஒரு காலத்து ரசனை, ஒரு காலத்து மோஸ்தர். வந்த மரத்தை நம் ஜனங்கள் சும்மா விடவில்லை, குல்மோகருக்கு மயில்கொன்றை என்று பேர் வைத்தார்கள், சாயங்காலம் ஆனால் இலை மூடிக்கொள்வதைப் பார்த்து மற்றதற்குத் தூங்குமூஞ்சி என்றார்கள். எவ்வளவு அன்பான பேர்! வெளியில் இருந்து வந்ததை நம்முடையதாக்கிக்கொள்வது நம் ஜனங்களின் பழக்கம். வெளிநாட்டு வாத்தியங்களை வாங்கி வசந்தா ராகத்தில் மெட்டுப் போட்ட சினிமாக்காரர்கள் செய்ததும் அதேதான். மரத்துக்குக் கொடுத்த குடியுரிமையைப் பாட்டுக்கு ஏன் மறுக்கிறீர்கள்?

ஜனரஞ்சகம் என்றால் மட்டம் என்ற எண்ணம் இந்த அரங்கில் பேசப்படுவதே எனக்கு வருத்தம். இந்தப் பட்டிமன்றமே ஜனரஞ்சகக் கலைதானே. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா ஐயாவின் பட்டிமன்றத்தைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீடே உட்கார்ந்து டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அப்படிப் பார்த்ததால்தான் நானெல்லாம் இந்த மைக் முன்னால் நிற்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் கொடுங்கள் நடுவர் அவர்களே, சொல்ல வந்ததே இனிமேல்தான்.

வளாகம் நம்மை மூன்று வருஷம் வைத்திருக்கும், அப்புறம் அனுப்பிவிடும். அதுவும் எந்த மாதத்தில்? சரியாகப் புங்கை பூத்து வேம்பு மணக்கிற ஏப்ரலில். நம் ஊர்க் கல்லூரிகளில் வசந்தமும் பிரிவும் ஒன்றாக வரும், காலண்டரே அப்படி அமைந்திருக்கிறது. மூன்றாம் வருஷம், கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி கரண்ட் போனது. அறைக்குள் புழுக்கம் தாங்காமல் ஹால் வாசலில் இருந்த புங்கமரத்தடிக்கு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தோம். யாரோ ஒரு பாட்டை ஆரம்பித்தான். இரண்டாவது சரணத்தில் எல்லாரும் சேர்ந்துகொண்டோம், வார்த்தை தெரியாதவன் தாளம் போட்டான். பாடிக்கொண்டிருக்கும்போதே தலையில், தோளில், திறந்து கிடந்த நோட்டில் எல்லாம் பூ விழுந்துகொண்டிருந்தது. யாரும் தட்டிவிடவில்லை. கரண்ட் வந்தும் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு அங்கே இருந்த ஒருவன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். பாலைவன ஊர், வேலை நெருக்கடி, மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறான். ஆனால் ஒவ்வொரு பங்குனியிலும் ஃபோன் பண்ணுவான். அவனுக்கு அந்த மரத்தின் பேர் இன்றுவரை தெரியாது, புங்கையா வேம்பா என்று கேட்டால் முழிப்பான். ஃபோனை எடுத்ததும் அந்தப் பாட்டில் இரண்டு வரி பாடுவான், பாடிவிட்டு, டேய், அந்தப் பாட்டு மரம் பூத்துடுச்சா என்று கேட்பான். எங்கள் செட்டில் எல்லாருக்கும் அது பாட்டு மரம்தான். நான் இங்கேயே பக்கத்தில் குடியிருப்பதால் காலையில் நடக்கப் போகும்போது அவனுக்காக ஒரு தரம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மரத்தை அவனால் மஸ்கட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை, பாட்டைக் கொண்டுபோயிருக்கிறான், பாட்டோடு சேர்ந்து மரமும் போயிருக்கிறது.

இந்த வருஷம் இன்னும் அவன் கூப்பிடவில்லை. இன்று காலை போய்ப் பார்த்தேன், இலை கொட்டி முடிந்துவிட்டது, நுனிக் கிளையில் பச்சை தெரிகிறது. பத்து நாளில் கேட்பான்.

நன்றி, வணக்கம்.