பாசண்டம்: வசையாகிப் போன ஒரு சொல்

அவையோருக்கு வணக்கம். வட இந்தியாவில் போலிச் சாமியார் ஒருவர் மாட்டிக்கொண்டால் ஹிந்திப் பத்திரிகைகள் அவரை 'பாக்கண்டி' என்று எழுதும். பாக்கண்டம் என்றால் அங்கே வேஷம், பித்தலாட்டம். நம் பக்கத்துப் பழைய நூல்களில் இதே சொல் 'பாஷண்டி' என்று வரும். வேதத்துக்குப் புறம்பானவன் என்று பொருள். இரண்டுமே வசைதான். ஆனால் இந்தச் சொல் வசையாகப் பிறந்ததல்ல.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக்குப் போவோம். குஜராத்தில் ஜூனாகத் பக்கம் கிர்நார் பாறை. அதில் அசோகரின் 12-ஆம் கல்வெட்டு, எல்லாப் 'பாசண்டங்களையும்' அரசர் மதிக்கிறார், துறவிகளையும் இல்லறத்தாரையும் சேர்த்தே மதிக்கிறார் என்று தொடங்குகிறது. இன்றைய பொருளை வைத்துப் படித்தால், எல்லாப் பித்தலாட்டக்காரர்களையும் அரசர் கும்பிட்டார் என்றாகிவிடும்! கொஞ்சம் கீழே அவரே முடிச்சை அவிழ்க்கிறார். தன் பாசண்டத்தைப் புகழ்ந்து பிறர் பாசண்டத்தைப் பழிக்கிறவன் தன்னுடையதற்குத்தான் அதிகக் கேடு செய்கிறான் என்கிறார். 'ஆத்ப பாசண்டம்', 'பர பாசண்டம்' என்பவை கல்வெட்டின் சொற்கள். தன் வழியையே வசைச்சொல்லால் யாராவது குறிப்பார்களா? ஆக அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு பாசண்டம் இருந்தது. ஒரு குருவழி, ஒரு கூட்டம், அவ்வளவுதான். சபையைக் குறிக்கும் 'பர்ஷத்' என்பதே இதன் வேர் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

இன்னொரு சாட்சி ஆப்கானிஸ்தானில் இருக்கிறது. காந்தஹாரில் 1963-இல் கிடைத்த அசோகரின் கிரேக்கக் கல்வெட்டில், 'பாசண்டம்' வரவேண்டிய இடத்தில் இருக்கும் சொல் 'தியத்ரிபே'. தத்துவப் பள்ளிகளுக்குக் கிரேக்கர் வழங்கிய சொல் அது. ஒடிசாவின் ஹாத்திகும்பா குகையில் கலிங்க அரசன் காரவேலன், தான் எல்லாப் பாசண்டங்களையும் பூசிப்பவன் என்று பெருமையாகவே வெட்டி வைத்திருக்கிறான்.

அப்புறம் என்ன ஆயிற்று? அர்த்தசாஸ்திரம் பாசண்டர்களுக்குச் சுடுகாட்டோரம் இடம் ஒதுக்குகிறது. மனு ஸ்மிருதியின் 4-ஆம் அத்தியாயம் ஒரு படி மேலே போய், இவர்களுக்கு வாய்ச்சொல்லால்கூட மரியாதை செய்யாதே என்கிறது. அதே 12-ஆம் கல்வெட்டில் 'நாவைக் காத்துக்கொள்' என்று அசோகர் சொன்னதும் வாயைப் பற்றித்தான், இதுவும் வாயைப் பற்றித்தான். பௌத்தர், சமணர், ஆசீவகர் என்று வேதத்தை ஏற்காதவர்கள் தலையில் மட்டும் இந்தப் பெயரைக் கட்டினார்கள். பிறகு அதற்கேற்ற சொல்விளக்கமும் வந்தது: 'பா' என்றால் வேத தர்மம், அதைக் கண்டிக்கிறவன், அதாவது துண்டாடுகிறவன், பாகண்டன். தேவைக்குத் தைத்த சட்டை!

சரி, தமிழுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதை. மாலதி என்பவள் மாற்றாள் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துபோகிறது. பழிக்கு அஞ்சி அதைத் தூக்கிக்கொண்டு புகார் நகரத்துக் கோயில் கோயிலாக அலைகிறாள். வச்சிரக் கோட்டம், நிலாக் கோட்டம், ஏன், சமணரின் நிக்கந்தக் கோட்டம்கூட அந்த வரிசையில் உண்டு. எந்தக் கோயில் யாருடையது என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. 'தேவிர்காள் எம் உறுநோய் தீர்ம்' என்று கதறுகிறாள். கடைசியில் அவள் போய் வரம் வேண்டிப் பாடுகிடந்தது பாசண்டச் சாத்தன் கோயிலில். குழந்தையை இடாகினிப் பேய் விழுங்கிவிட, சாத்தனே அந்தக் குழந்தையாக வந்து அவள் கையில் சேர்கிறான்; வளர்ந்து, கண்ணகியின் தோழியான தேவந்தியை மணக்கிறான்.

பாசண்டம் என்பதற்கு உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் தரும் பொருள், தொண்ணூற்றாறு வகைச் சமய சாத்திரத் தருக்கக் கோவை. அதில் வல்லவன் என்பதால் சாத்தனுக்கு அந்தப் பெயராம். அதாவது நம்மூரில் அது ஒரு படிப்புப் பட்டம். வடக்கே சுடுகாட்டோரம் தள்ளப்பட்ட சொல், இங்கே ஒரு சாமிக்குப் பெயராகி நின்றது. வரந்தரு காதையில் அந்தச் சாத்தன் பார்ப்பனப் பெண்ணான தேவந்தி மேல் ஆவேசித்து வந்து, 'பாசண்டன் யான்' என்று தானே அறிமுகம் செய்துகொள்கிறான். மனுவைக் கேட்டால், இவனுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லக் கூடாது.