கரண்ட் வந்த பிறகும் எழாத கணினி

[காட்சி: மேலே மின்விசிறி மெல்லச் சுழலத் தொடங்குகிறது. மேசையில் கணினி மட்டும் அசைவின்றி இருக்கிறது.]

வணக்கம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய மின்சாரம் மாலையில் வந்துவிட்டது. மின்விசிறி சுழல்கிறது, ஃபிரிட்ஜ் உறுமுகிறது. கணினியின் பொத்தானை அழுத்துகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் கோபத்தோடு இன்னொரு முறை அழுத்துகிறீர்கள். கோபத்துக்கும் அது மசியவில்லை.

"நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடியதே!" என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். பாதி விடை அந்தப் புலம்பலிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் திருப்புளி தேவைப்படாத வேலைகளை முடித்துவிடுவோம்.

[காட்சி: சுவர் சாக்கெட்டில் மேசை விளக்கைச் செருகும் கை.]

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யூ.பி.எஸ். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சுவர் சாக்கெட்டில் முதலில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அதே இடத்தில் கணினியின் பிளக்கை மாட்டுங்கள். பேட்டரி தீர்ந்துபோன யூ.பி.எஸ்., கரண்ட் வந்த பிறகும் தானாக உயிர் பெறாமல் ஊமையாக நிற்பதுண்டு. பழி கணினியின் மேல் விழும். பெட்டியின் பின்புறம், மின்கம்பி நுழையும் இடத்துக்கு அருகில் ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கும். அதில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில் வீட்டைப் பெருக்கியவர்களின் துடைப்பம் அதைத் தட்டிவிட்டிருக்கலாம். சிரிக்காதீர்கள், என் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கணினியின் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி செருகுங்கள். கேட்பதற்கு மந்திரம்போல இருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது. கணினிக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஒரு பாதுகாப்புச் சுற்று உண்டு. கரண்ட் வந்து, போய், மறுபடி வரும் அந்தச் சில கணங்களில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கினால் அது தன்னைப் பூட்டிக்கொள்ளும். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்தால்தான் பூட்டு திறக்கும். அங்கே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகமான பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் தேங்கி நிற்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சற்று நேரம் அடிக்கும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள்.

இதற்கும் எழவில்லையா? அப்படியானால் அந்த "நேற்று ராத்திரி வரை" புலம்பலுக்கு வருவோம்.

[காட்சி: மதர்போர்டின் மூலையில் எரியும் ஒற்றைச் சிறு விளக்கு.]

ஷட்டவுன் செய்த கணினி முழுவதுமாக அணைவதில்லை. பிளக் செருகியிருக்கும் வரை, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒரு சிறு பகுதி விழித்திருந்து 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் அழுத்தும் பொத்தான் மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்ச் அன்று; எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்குச் சொல்லும் ஒரு சமிக்ஞைதான். அந்தச் சமிக்ஞையைக் கேட்பதற்கே இந்த 5 வோல்ட் வேண்டும். காவல்காரன் மயங்கிக் கிடந்தால் கதவை எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை.

இந்தக் காவல்காரனை முதன்முதலாக எழுப்பிவிட ஒரு சிறிய கெபாசிட்டர் உதவுகிறது. எழுந்த பிறகு அவன் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்வான். ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்து அந்தக் கெபாசிட்டர் உள்ளுக்குள் உலர்ந்துபோகும். பிளக் செருகியே இருக்கும் வரை இது வெளியில் தெரியாது. ஓடிக்கொண்டே இருக்கும் வரை ஓடி, டீக்கடையில் நிறுத்தினால் மறுபடி கிளம்ப மறுக்கும் பழைய வேனைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் எல்லாம் அடங்கிய பிறகு, ஆரம்பத்திலிருந்து எழ வேண்டிய நேரத்தில் குட்டு உடைகிறது. மின்தடையைத் திட்டுகிறோம், கோளாறோ எப்போதோ தொடங்கிவிட்டது.

உண்மையிலேயே மின்சாரம் அடித்துப் போடுவதும் உண்டு. வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். தெருக்கம்பியில் ஒரு ஃபேஸுக்கும் இன்னொரு ஃபேஸுக்கும் இடையே இருப்பது சுமார் 400 வோல்ட். நியூட்ரல் கம்பி அறுந்தால் சில வீடுகளில் வோல்டேஜ் அந்த 400-ஐ நோக்கி ஏறும். விளக்குகள் வழக்கத்துக்கு மாறாகப் பளீரென்று எரிவது, 'பட்' என்ற சத்தம், தீய்ந்த வாசனை, பக்கத்து வீட்டு டி.வி.யும் போன செய்தி, இவற்றில் எது இருந்தாலும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். கணினி அப்புறம்.

[காட்சி: பக்கவாட்டு மூடி கழற்றிய கணினி.]

இப்போது மூடியைக் கழற்றலாம். பிளக் செருகிய நிலையில் மதர்போர்டில் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பல போர்டுகளில் அது உண்டு. விளக்கு இல்லாவிட்டால் என் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல்தான். அதைச் சோதிக்கும் வழி இது: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கணினிக்குள் போகும் எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள். 24 துளை கொண்ட பெரிய கனெக்டரில் பச்சைக் கம்பி ஒன்றே ஒன்று இருக்கும். அந்தத் துளையையும் பக்கத்துக் கறுப்புக் கம்பியின் துளையையும் ஒரு வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, அதன் பிறகு பிளக்கைச் செருகுங்கள். விசிறி சுழன்றால் அடிப்படை உயிர் இருக்கிறது. சுழலாவிட்டால் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டியதுதான். சுமை இல்லாமல் விசிறியைச் சுழற்றாத சில விலை உயர்ந்த வகைகள் விதிவிலக்கு. எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருந்தால் ஊகிக்க வேண்டாம், சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போங்கள்.

விளக்கு எரிந்தும் பொத்தானுக்கு அசையாவிட்டால், பொத்தானோ மதர்போர்டோ காரணமாக இருக்கலாம். விசிறிகள் சுழன்று திரை மட்டும் கறுப்பாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேம் (RAM) என்ற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து மறுபடி அழுத்திச் செருகுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் எட்டு ஆண்டுகளாகப் பிளக்கைப் பிடுங்காத கணினி ஒன்று இப்படித்தான் மின்தடை நாளில் படுத்தது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றினோம், எழுந்தது. கடைக்காரர் உடனே வேலையில் இறங்கிவிட்டார். மதர்போர்டில் காசு வடிவில் சி.ஆர்.2032 என்றொரு 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அதுவும் தீர்ந்திருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மறுநாள் காலை ஒரு வாடிக்கையாளர் பில்லோடு வந்து நின்றார். தேதி: 2015 ஜனவரி 1.