காக்காய்ப்பொன்னும் குச்சிக்கிழங்கும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வால்வு ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக் குழலுக்குள் கம்பிகளைத் தாங்கியபடி மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அது அப்ரகம், ஊர்ப்பக்கம் காக்காய்ப்பொன் என்போம். சூடு தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டாம் உலகப் போரின்போது விமானத்துக்கும் கப்பலுக்கும் ரேடியோ வேண்டியிருந்ததால் அமெரிக்கா இந்தக் காக்காய்ப்பொன்னுக்கு அலைந்தது. நம் நாட்டிலிருந்தும் வாங்கியது, பிரேசிலிலிருந்தும் வாங்கியது. அங்கே அதற்குப் பேர்போன ஊர், மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் இருக்கும் கோவெர்னதோர் வலதாரிஸ்.

அமெரிக்கர்கள் அந்த ஊருக்கு வந்தார்கள், டாலரில் கூலி கொடுத்தார்கள், போர் முடிந்ததும் போய்விட்டார்கள். அவர்கள் போன திசையை ஊர் மறக்கவில்லை. 1960களில் சில இளைஞர்கள் அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். 1980களில் பிரேசிலின் பொருளாதாரம் சரிந்தபோது சிலர் என்பது பல்லாயிரம் பேர் ஆயிற்று. 1993இல் அந்த நாட்டின் பணவீக்கம் 2,000 சதவீதத்தைத் தாண்டியது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. வெளியே போனவர்கள் அனுப்பிய பணத்தில் வலதாரிஸில் மாடி வீடுகள் எழுந்தன. ஊரின் பெயரையே 'வலதோலரிஸ்' என்று திரித்துக் கேலி செய்தார்கள். டாலரூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஆத்தூரில் முப்பது வருடம் பூகோளம் சொல்லிக் கொடுத்தவள் நான். பிரேசில் என்றால் காப்பி, அமேசான், பத்து மதிப்பெண். என் அறிவு அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு பேரனைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் நியூயார்க்கில் மகள் வீட்டில் இருந்தேன். குயின்ஸ் பகுதியில் அஸ்டோரியா. கிரேக்கர்களின் பேட்டை என்பார்கள். ஆனால் 36ஆம் அவென்யூ ரயில் நிலையத்துப் படிகளில் இறங்கினால் வங்காளதேசத்து மளிகைக் கடைகளுக்கு நடுவே பச்சை மஞ்சள் கொடி தொங்கும். எதிர் வீட்டுப் பெண்மணி வலதாரிஸ்காரர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரம். அதனால் நன்றாகப் பேசிக்கொண்டோம்.

மருமகன் மட்டும், பிரேசிலைப் பார்க்க வேண்டுமென்றால் மன்ஹாட்டனுக்குத்தான் போக வேண்டும் என்றார். மேற்கு 46ஆம் தெருவில் 'லிட்டில் பிரேசில்' என்று மாநகராட்சியே பலகை வைத்திருக்கிறது. 1970களில் பிரேசில் சுற்றுலாப் பயணிகள் டேப் ரெக்கார்டரும் கேமராவும் வாங்க அந்தத் தெருவில் குவிந்தார்களாம். அவர்கள் நாட்டில் இறக்குமதி வரி அப்படி. நாங்கள் போனபோது பலகை இருந்தது, சில உணவகங்கள் இருந்தன, பிரேசில்காரர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. அவர்கள் வாடகை தாங்கும் இடங்களில் குடியிருக்கிறார்கள். கம்பியில் சுட்ட மாட்டிறைச்சியை மேசைக்கு மேசை கொண்டுவந்து அரிந்து போடும் கடையில் மருமகன் மூன்று பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டார். நான் வாழைப்பழ வறுவலோடு எழுந்துவிட்டேன்.

எனக்கு வாய்த்த பிரேசில் அஸ்டோரியாவில்தான் இருந்தது. எங்கள் தெருவுக்கு நான்கு தெரு தள்ளி ஓர் எடைச் சாப்பாட்டுக் கடை. தட்டை எடுத்து வேண்டியதைப் போட்டுக்கொண்டு தராசில் வைக்க வேண்டும். சோற்றுக்கும் கோழிக்கும் ஒரே விலை. முதல் நாள் விவரம் தெரியாமல் தர்பூசணியும் வெள்ளரிக்காயுமாக அடுக்கிவிட்டேன். தண்ணீருக்குக் காசு கொடுத்த கதைதான். எதிர் வீட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கறுப்பு மொச்சை போன்ற பயறும் பன்றி இறைச்சியும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைக்கும் ஃபெய்ஜோவாடா அங்கே சனிக்கிழமைப் பண்டம். பன்றி எனக்குப் பழக்கமில்லை. அதன் பக்கத்தில் வைத்திருந்த பொன்னிறத் தூளை மட்டும் சோற்றில் தூவிக்கொண்டேன். உப்புமாவுக்கு வறுத்த ரவை போல நறநறவென்று இருந்தது. பெயர் ஃபரோஃபா. எதன் மாவு என்று கேட்டேன். 'மஞ்சியோக்கா' என்றார். புரியவில்லை. கடைக்குள் கூட்டிப்போய்க் கூடையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

நம்முடைய குச்சிக்கிழங்கு! கன்னியாகுமரியில் மரச்சீனி, மற்ற இடங்களில் மரவள்ளி. அவர்களுக்கும் ஊருக்கொரு பெயர். ரியோவில் அய்ப்பீன், வடகிழக்கில் மக்கஷேரா.

என் அப்பா ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ ஆலையில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், கணக்கு எழுதினார். கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் தெளிய வைத்து, அடியில் தங்கும் மாவைக் களத்தில் காயப்போடுவார்கள். ஆலைக்கு அரை மைல் முன்பே புளித்த வாடை வரும். பள்ளிக்கூடச் சீருடையிலும் அது ஏறியிருக்கும். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். எதிர் வீட்டு அம்மா ஒருநாள் ரொட்டி செய்யலாம் வா என்று அழைத்து, ஒரு மாவுப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த வாடை! ஆறாயிரம் வருடம் ஆனாலும் எனக்கு மறக்காத வாடை. போல்வில்யு என்பது அதன் பெயர். அதே கிழங்கின் மாவை வேண்டுமென்றே வாரக்கணக்கில் தண்ணீரில் புளிக்கவைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். புளித்ததால்தான் அடுப்பில் பந்து போலப் பொங்குகிறது, ஈஸ்ட் கிடையாது, சோடா கிடையாது. பாலையும் எண்ணெயையும் கொதிக்கவைத்து ஊற்றி, முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டிச் சுட்டால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே இழுவை. அதுதான் பாவ் ஜி கேஜு. நாங்கள் மூக்கைப் பொத்தியதை இவர்கள் பக்குவமாக்கி வைத்திருக்கிறார்கள்.

கிழங்கே அவர்கள் மண்ணினுடையதுதான். அந்த நாட்டின் ஆதிகுடிகள்தான் கசப்புக் கிழங்கைத் துருவி, பின்னிய நீளப் பைக்குள் அடைத்துப் பிழிந்து, நஞ்சை நீக்கி உண்ணக் கற்றார்கள். ஆங்கிலத்தில் இந்தக் கிழங்கு மாவுக்குச் சொல்லும் 'டப்பியோக்கா' என்ற சொல்லும் அவர்களுடைய துப்பி மொழியிலிருந்து வந்தது. நம் அன்னாசிக்கும் அதே மூலம்தான். போர்த்துக்கீசியர் நடுவில் நின்று கைமாற்றிவிட்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது 1943இல், போரால் மலாயா, சிங்கப்பூரிலிருந்து சரக்கு வருவது நின்றதனால். வலதாரிஸை டாலரூர் ஆக்கிய அதே போர்.

எதிர் வீட்டு அம்மா ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. இங்கே வாரத்துக்கு ஐந்து வீடு துடைக்கிறார். அந்த வேலையை அவர்கள் பாஷையில் ஃபஷீனா என்கிறார்கள். கணவர் முதலில் மன்ஹாட்டனில் ஷூ பாலிஷ் போட்டவர். ஒரு காலத்தில் அந்தத் தொழிலில் பெரும்பாலும் மினாஸ்காரர்கள்தான். கடைகளில் எல்லோரும் அந்த அம்மாவிடம் ஸ்பானிஷில் பேசுவார்கள். அவர் போர்த்துக்கீசியத்தில் பதில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அரசாங்கத்துக்கே அந்தக் குழப்பம் உண்டு. அமெரிக்கக் கணக்கெடுப்பில் 'ஹிஸ்பானிக்', அதாவது ஸ்பானிஷ் வழி வந்தவர்கள், என்ற கட்டத்தில் பிரேசில்காரர்களைச் சேர்ப்பதில்லை; அவர்களே டிக் செய்தாலும் அலுவலகம் பொதுவாக மாற்றிவிடும். 2019இல் அந்தக் கட்டத்தில் இருந்த பிரேசில்காரர்கள் சுமார் 14,000 பேர்தான். 2020இல் தகவலைத் தொகுத்தபோது நேர்ந்த பிழையால் குறைந்தது 4,16,000 பேர் அதற்குள் எண்ணப்பட்டுவிட்டார்கள். பிரேசில்காரர்கள் டிக் செய்ததை அலுவலகம் மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டதுதான் பிழை. அடுத்த வருடம் திருத்திவிட்டார்கள்; கட்டம் மறுபடி ஏறக்குறைய காலியாயிற்று.

ஒரு சனிக்கிழமை அவர் ஜன்னலைச் சாத்தச் சொல்லி 'ஜனேலா' என்றார், கதவுப் பூட்டுக்கு 'ஷாவி' கேட்டார். ஜன்னலும் சாவியும் போர்த்துக்கீசியர் கொடுத்த சொற்கள் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டவுடன் கை தானாகச் சாவியை நீட்டியது அன்றுதான்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம் அவருக்கு ஜவ்வரிசி வற்றல் பொரித்துக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்தவர், 'பிஸ்கோய்த்து ஜி போல்வில்யு' என்று கூவிவிட்டார். ரியோ கடற்கரையில் விற்கும் மாவு வளையமாம், வாயில் போட்டால் கரைந்துவிடுமாம். செய்முறை கேட்டார். ஜவ்வரிசியை ஊறவைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, உப்பும் பச்சை மிளகாயும் அரைத்துப் போட்டு, வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றிக் காயவிட வேண்டும் என்றேன். வேட்டிக்குப் பதில் பழைய மேசை விரிப்பை எடுத்துக்கொண்டார். இருவருமாக மொட்டை மாடியில் நாற்பது வில்லை ஊற்றினோம். மாலையில் போய்ப் பார்த்தால் புறாக்கள் விட்டுவைத்தது பதினொன்று. அதையும் பொரித்துத் தின்றோம்; பாதி காய்ந்ததால் எண்ணெய் குடித்திருந்தது.