லோக்கல் சேனல் செய்தி வாசிப்பாளர் ஏன் மாறுறதே இல்ல?

[காட்சி: வேலூர் லாங் பஜார், சாயங்காலக் கூட்டம். ஒரு கடைக்குள்ள ஓடுற டிவி.]

குரல்: சென்னை சேனல்ல செய்தி வாசிக்கிறவங்க மாறிக்கிட்டே இருப்பாங்க. நம்ம லோக்கல் சேனல்ல பாருங்க, அக்கா கல்யாணத்தப்ப வாசிச்சவரே அக்கா பொண்ணு பிளஸ் டூ ரிசல்ட்டையும் வாசிப்பாரு. ஏன்?

[காட்சி: மாடியில பழைய டிஷ், தொங்குற கேபிள் ஒயர்.]

குரல்: சென்னைத் தூர்தர்ஷன் 1975-ல வந்தது. சன் டிவி 1993-ல. அந்தத் தொண்ணூறுகள்ல தெருத்தெருவா கேபிள் இழுத்தவங்க கன்ட்ரோல் ரூம்ல ஒரு வி.சி.ஆரும் மாடுலேட்டரும் இருக்கும். கேசட்ல ஓடுற படத்தைக் காலியா கிடக்கிற ஒரு சேனல்ல ஏத்திவிடுறதுதான் மாடுலேட்டர் வேலை. முதல்ல சினிமா போட்டாங்க. அப்புறம் திருவிழா, கடை விளம்பரம். அதோட ஒட்டிக்கிட்டு வந்ததுதான் செய்தி.

[காட்சி: சின்ன ஸ்டுடியோ. மேஜைக்கு மேல கோட்டு, டை. கேமரா கீழே இறங்குது: லுங்கி.]

குரல்: சிரிக்காதீங்க. மே மாசம் வேலூர்ல வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஃபேன் சத்தம் மைக்ல விழும்னு அதையும் நிறுத்திடுவாங்க. பெரிய சேனல்ல கேமரா முன்னாடி சாய்ச்சு வெச்ச கண்ணாடியில எழுத்து ஓடும், அதுதான் டெலிபிராம்ப்டர். இங்க கையில பேப்பர். ஒரு வரியைக் கண்ணால எடுத்து, நிமிர்ந்து சொல்லி, அடுத்த வரிக்குக் குனியணும். இந்தப் பழக்கம் ஒரு வாரத்துல வராது.

[காட்சி: வரைபடம். ஒரு மாவட்டம் படிப்படியா பிரியுது.]

குரல்: ஆரம்பத்துல இருந்து உட்கார்ந்தவருக்கு நாற்காலி அதேதான், மாவட்டம்தான் மாறிச்சு. அவர் உட்கார்றதுக்கு முன்னாடியே, 1989-ல, வேலூர் இருந்த வட ஆற்காடு மாவட்டம் ரெண்டாச்சு. திருவண்ணாமலை தனியா போச்சு. 1997-ல மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்கள் பேரை எடுத்தப்ப நம்ம பக்கமும் வேலூர் மாவட்டம்னு பேர் மாறிச்சு. 2019-ல ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிஞ்சது. ஆனா திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போன ஆம்பூர்ல இருக்கிற சம்பந்தி வேலூர்ச் செய்தியைக் கேக்கறதை நிறுத்திட்டாரா என்ன?

[காட்சி: பாலாற்று வெள்ளம்.]

குரல்: 2021 நவம்பர். பாலாறு கரை புரண்டு வந்துச்சு. சென்னைச் சேனல் ‘வட மாவட்டங்களில் கனமழை’ன்னு முடிச்சிடும். விரிஞ்சிபுரம் தரைப்பாலத்துல போகலாமா, காட்பாடிக்கு எந்த வழியா சுத்தணும், இதைச் சொல்ல ஊர்க்காரர்தான் வேணும். மின்தடை, இரங்கல் அறிவிப்பு எல்லாமும் அப்படித்தான்.

[காட்சி: கல்யாண மண்டப மேடை, மைக்.]

குரல்: இன்னொரு காரணத்தை யாரும் வெளியில பேச மாட்டாங்க: சம்பளம். லோக்கல் சேனல் காசுல குடும்பம் ஓட்டுறது கஷ்டம். அதனால போட்டிக்கு ஆள் வர்றதும் குறைவு. வாசிக்கிறவருக்கு அந்த முகம்தான் முதலீடு. ரிசப்ஷன்ல தொகுத்து வழங்குறது, கடைத்திறப்பு, ஆட்டோவுல போற விளம்பரக் குரல்னு வருமானம் வெளியில இருந்து வரும். செய்தியை விட்டா அதுவும் போயிடும். விசுவாசம்னு நாம நினைக்கிறதுல பாதி இந்தக் கணக்குதான்.

[காட்சி: செட்டாப் பாக்ஸ், ரிமோட்.]

குரல்: டிஜிட்டல் வந்ததும் சேனல் நம்பரைத் தேடவேண்டியதாச்சு. கேபிள் நிறுவனங்கள் சொந்தமா நடத்துற சேனல்கள் அவங்க கொடுக்க முடிஞ்ச மொத்தச் சேனல்கள்ல 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஒளிபரப்பை 90 நாள் பதிவா வெச்சிருக்கணும்னு 2022-ல மத்திய அரசு விதி போட்டுச்சு. சின்ன ஆளுங்களுக்கு இது செலவு. நிறையப் பேர் யூடியூப் பக்கம் போய்ட்டாங்க. அங்க கோட்டும் வேண்டாம், மேஜையும் வேண்டாம். ஆனா கமெண்ட்ல வர்ற முதல் கேள்வி, ‘சார், நாளைக்கு சத்துவாச்சாரியில கரன்ட் எத்தனை மணிக்குப் போகும்?’