உச்சி வெயில் எப்போது உச்சியில்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சூரியன் தினமும் நண்பகலில் தலைக்கு நேர் மேலே வருகிறதா என்று காரைக்குடிப் பக்கம் யாரைக் கேட்டாலும், "வராம? அதுதானே உச்சி வெயில்" என்பார்கள். புவியியல் வாத்தியாராக இருந்த எனக்கு வகுப்புக்கு வகுப்பு கிடைத்த பதிலும் இதுதான்.

நம் பக்கம் வருடத்தில் இரண்டு நாள்தான் அப்படி வருகிறது. சித்திரை மூன்றாம் தேதி வாக்கில் ஒரு தடவை, ஆவணி பத்து வாக்கில் இன்னொரு தடவை. அதாவது ஏப்ரல் 16, ஆகஸ்ட் 26, ஒரு நாள் முன்னே பின்னே. மணியும் பன்னிரண்டு இல்லை, பன்னிரண்டே கால். அப்போது முற்றத்தில் உலக்கையை நேராக நிறுத்திப் பாருங்கள், நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும்.

இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. இதைச் சொன்னால் படித்தவர்களே நம்ப மாட்டார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தை மாதம் வடகம் பிழிந்த வேட்டியை வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், வடக்கு ஓரமாக விரிப்பார். ஆனியில் மோர்மிளகாய் தெற்கு ஓரத்துக்குப் போய்விடும். ஏன் அப்பத்தா என்றால், "வெயிலு எடம் மாறிருச்சுல்ல" என்பார். அவ்வளவுதான் பாடம். கணக்காகச் சொன்னால், பத்தடிக் கம்பின் நண்பகல் நிழல் மார்கழியில் வடக்கே ஆறரை அடி. ஆனியில் தெற்கே இரண்டரை அடிகூட வராது.

பூமி கொஞ்சம் சாய்ந்து, இருபத்து மூன்றரை பாகை, சுற்றுவதால்தான் இத்தனையும். தூரத்தால் இல்லை. நாம் போர்த்திக்கொண்டு கோலம் போடும் மார்கழியில்தான், ஜனவரி முதல் வாரத்தில், சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம்!

சரி, சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் ஒரே உயரம். வெயில் ஏன் ஒன்றாக இல்லை? நான் ஓயாமல் சொல்லும் விஷயம் இது. சித்திரையில் ஊருணி வற்றிக் கிடக்கும், மண் காய்ந்திருக்கும், விழுகிற வெயிலெல்லாம் சூடாகத்தான் மாறும். தோசைக்கல் பற்றவைத்த உடனே காய்வதில்லை. அதனால்தான் கத்திரி வெயில் மே மாதத்தில் வருகிறது, சூரியன் நம் உச்சியைத் தாண்டிப் போன பிறகு. ஆவணியில் மேகம் பாதி வெயிலை மறைக்கும், சாயங்காலம் இடி மழை வரும். ஈர மண்ணில் விழும் வெயிலின் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஆக, சூரியனின் உயரம் மட்டும் நம் பருவத்தைத் தீர்மானிப்பதில்லை. தண்ணீரும் காற்றும் சேர வேண்டும். பகலின் நீளமும் இங்கே பெரிதாக மாறுவதில்லை. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேர வித்தியாசம். நமக்கு ஒன்றேகால் மணிகூட இல்லை.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஐப்பசி மழையைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடியில் தென்மேற்குக் காற்று மலையாளக் கரையிலேயே மழையைக் கொட்டிவிட்டு இங்கே பெரும்பாலும் வெறுங்காற்றாக வருகிறது. சூரியன் தெற்கே இறங்க இறங்க மேகப் பட்டையும் பின்னாலேயே இறங்கும். வடக்கே நிலம் குளிரும், காற்று திசை மாறி வங்கக்கடல் ஈரத்தோடு வடகிழக்கிலிருந்து வரும். நம் ஊருணிகள் நிறைவது அதில்தான். புயலைப் பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.