பாட்டைக் கடைசியில் தேடுங்கள்

(கோத்தகிரியில் பள்ளி, கல்லூரி நடனப் பயிற்சியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். ஆண்டு விழாவுக்கு நடனம் என்றதும் செல்போனை எடுத்துப் பாட்டுத் தேடுகிறோம். சமகால நடனம் அங்கேயே பாதி கெட்டுவிடுகிறது. ‘மழை’ என்று பாட்டில் வந்தால் விரல்கள் இறங்கும், ‘இதயம்’ வந்தால் கை நெஞ்சுக்குப் போகும். அமெரிக்காவில் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனத்தையும் இசையையும் தனித்தனியே உருவாக்கி மேடையில் சேர்த்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம்; பாட்டைக் கடைசிக்குத் தள்ளினால் போதும்.

ஓர் அசைவிலிருந்து தொடங்குங்கள். தேயிலைக் கொழுந்து பறிப்பதையே எடுத்துக்கொள்வோம். கூடை மாட்டி நடித்தால் அது மாறுவேடப் போட்டி. உடம்பைப் பாருங்கள்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டைப் பிடிக்கின்றன, மணிக்கட்டு சட்டென்று ஒடிகிறது, சரிவில் மேட்டுப்பக்கக் கால் மடங்கியிருக்கிறது, பள்ளத்துக் கால் நீண்டு ஊன்றியிருக்கிறது, கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் போகிறது. (இப்போது பல தோட்டங்களில் கத்தரிதான். அதில் விரலுக்கு வேலையில்லை, முழங்கையும் இடுப்பும்தான். அது வேறு நடனம்.) இதை எட்டு கவுண்டில், அதாவது ஒன்று முதல் எட்டுவரை எண்ணும் நேரத்தில், கட்டுங்கள்.

பிறகு குலையுங்கள். அந்த எட்டை முப்பத்திரண்டு கவுண்டுக்கு இழுங்கள். மணிக்கட்டின் ஒடிவை முழங்காலுக்குக் கொடுங்கள். கடைசியிலிருந்து முதலுக்கு ஆடுங்கள். தரையில் படுத்தபடி செய்யுங்கள். பத்தில் மூன்று தேறினால் அதிகம். எட்டாவது கவுண்டை வெட்டி ஏழாக்கிப் பாருங்கள். பழக்கத்தில் ஆடும் உடம்பு தடுமாறி விழித்துக்கொள்ளும். பரதம் படித்த பிள்ளைகளிடம் அரைமண்டியை (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி அமரும் நிலை) மறக்கச் சொல்லாதீர்கள். நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985இல் ‘அங்கிகா’ என்ற தம் படைப்பில் பரதம், யோகம், களரி மூன்றையும் சேர்த்தே கையாண்டார்.

குழுவில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேரும் கடைசிவரை ஒரே மாதிரி ஆடினால் அது டிரில். கேனன் போடுங்கள், அதாவது ஒரே தொடரை ஒருவர்பின் ஒருவராகத் தொடங்கவையுங்கள். பதினாறு கவுண்டுத் தொடரை ஆளுக்கு இரண்டு கவுண்டு தள்ளித் தொடங்கினால், ஆறாவது ஆள் பத்து கவுண்டு கழித்துப் புறப்படுவார். மொத்தம் இருபத்தாறில் முடியும். பக்கத்து ஆளைப் பார்த்து ஆடுவதுதான் இதில் வழக்கமான கோளாறு: இரண்டு கவுண்டு இடைவெளி ஒன்றாகி, மூன்றாவது சுற்றில் எல்லோரும் சேர்ந்தே ஆடிக்கொண்டிருப்பார்கள். முதுகைக் காட்டி நிற்கவைத்து, அவரவர் ‘ஒன்று’ இலிருந்து வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

மேடையை டேப் ஒட்டி ஒன்பது கட்டமாக்குங்கள். நட்ட நடுவில் ஒருவர் நின்றுவிட்டால் மற்ற ஐந்து பேரும் துணை நடிகர்கள்தான். நடுக்கட்டத்தைக் கொஞ்ச நேரம் காலியாக விட்டுவிட்டு, பின்மூலையில் இருவரை மட்டும் ஆடவிடுங்கள்.

நம் குளிரையும் மறக்கக்கூடாது. விடியற்காலை சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு குதித்தால் கெண்டைக்கால் பிடிக்கும், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். இருபது நிமிடம் வார்ம்-அப். நடுவே உட்கார்ந்து பேசினால் மறுபடியும் ஐந்து நிமிடம். யோகா பாய்மேல் குதிக்கவிடாதீர்கள், வழுக்கும்.

ஒத்திகையைப் பார்வையாளர் உட்காரும் இடத்திலிருந்து செல்போனில் எடுங்கள். உங்களுக்கு ரொம்பப் பிடித்த எட்டு கவுண்டை நீக்கிவிட்டு மறுபடி எடுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் நன்றாயிருக்கும். அதன்பிறகு பறை, வீணை, வெறும் மழைச்சத்தம் என்று மூன்றை அதே ஆட்டத்தின்மேல் ஓடவிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

சரி, செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து வாருங்கள். மேட்டுப்பக்கக் காலை மடக்குவோம்.